ராஸ்பெரி பை 4-இல் அடியான்டம்: வட்டுக் குறியாக்கத்தோடு சில ஆண்டுகள்

வீட்டுக் காப்பு நகல்களுக்காக இரவும் பகலும் ஓடும் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி என்னிடம் இருக்கிறது. அதன் வட்டை லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உள்ள வட்டுக் குறியாக்க வசதியான டிஎம்-கிரிப்ட் வழியே குறியாக்கம் செய்திருக்கிறேன். தொடக்கத்தில் இருந்தது ஏஇஎஸ்-எக்ஸ்டிஎஸ் என்ற குறியாக்க முறை. கேட்காமலேயே கிரிப்ட்செட்டப் (குறியாக்கத்தை அமைக்கும் கருவி) தருவது அதுதான். மடிக்கணினியில் அது இருப்பதே தெரியாது. பையிலோ பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தால் போதும், எது செயலியை அதிகம் தின்கிறது என்று காட்டும் 'டாப்' திரையின் உச்சியில், குறியாக்க வேலையைச் செய்யும் கேகிரிப்ட்டி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

காரணம் எளிது. பை 4-இன் சில்லில் ஏஇஎஸ் கணக்கை வன்பொருளிலேயே செய்யும் கட்டளைகள் இல்லை. கெர்னலின் கிரிப்டோ பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு முன்னுரிமை எண் தெரியும். வன்பொருளைப் பயன்படுத்தும் ஏஇஎஸ்-சிஇக்கு 300, நியான் (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் செயலி வசதி) வழி நிரலுக்கு 250, பொது நிரலுக்கு 100. இருப்பவற்றில் பெரிய எண்ணைக் கெர்னல் எடுத்துக்கொள்கிறது. என் பட்டியலில் 300 இல்லவே இல்லை.

அதனால் அடியான்டம் என்ற வேறொரு குறியாக்க முறைக்கு மாறினேன். கூகுளைச் சேர்ந்த பால் குரோலியும் எரிக் பிகர்ஸும் மலிவு விலைக் கைப்பேசிகளுக்காக வடிவமைத்தது. 2019-இல் வந்த லினக்ஸ் 5.0 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. பெரும்பகுதி வேலையைச் சாச்சா என்ற இன்னொரு குறியாக்க முறை பார்த்துக்கொள்கிறது. ஏஇஎஸ் ஒரு செக்டாருக்கு (வட்டில் ஒரே துண்டாகக் குறியாக்கப்படும் பகுதி) ஒரே முறைதான் அழைக்கப்படுகிறது. கார்டெக்ஸ்-ஏ7 செயலியில் ஏஇஎஸ்-256-எக்ஸ்டிஎஸ்ஸைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகம் என்பது அவர்கள் கணக்கு. என் பையில் அவ்வளவெல்லாம் கிடைக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனக்கு அது தாராளம்.

செக்டார் அளவை மட்டும் 4096 என்று கேட்டு வாங்குங்கள். 512 பைட் என்றால் அந்த ஒரு முறைச் செலவையே எட்டு முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு குணமும் பிடித்திருக்கிறது. குறியாக்கப்பட்ட வட்டில் யாராவது ஒரு பிட்டை மாற்றினால் எக்ஸ்டிஎஸ்ஸில் 16 பைட்தான் குலையும். அடியான்டத்தில் செக்டார் முழுவதும் குப்பையாகிவிடும். ஆனால் குலைந்துவிட்டது என்று இரண்டுமே எச்சரிக்காது. ஆகவே கோப்புகளின் ஹாஷ்களை (மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற எண்கள்) தனியே வைத்திருக்கிறேன்.

எரிச்சலூட்டுவது மீட்பு வேலைதான். பழைய கெர்னல் உள்ள மீட்பு யுஎஸ்பியில் வட்டு திறக்காது. கடவுச்சொல் சரியாக இருந்தும் வரும் பிழைச்செய்தி ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கும். புதிய கெர்னலோடு ஒரு யுஎஸ்பி தயாராக இருக்கட்டும்.

பை 5 வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். அதில் ஏஇஎஸ் கட்டளைகள் உண்டு. கிரிப்ட்செட்டப் தருவதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.