எல்4–எல்5 ஃப்யூஷன் செய்து எட்டு வருடம்: போன வலியும் போகாத வலியும்

ஃப்யூஷன் என்றால் அடுத்தடுத்த முதுகெலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவை சிகிச்சை; எனக்கு இணைத்தது கீழ் முதுகில் இருக்கும் எல்4, எல்5 எலும்புகளை. என் இடுப்பில் நாலு டைட்டானியம் ஸ்க்ரூ, இரண்டு கம்பி, டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) இருந்த இடத்தில் ஒரு கேஜ் (அந்த இடைவெளியைத் தாங்கும் சின்னக் கூடு). வைத்து எட்டு வருடம் ஆகிறது.

முதல் தடவை டிஸ்க் பிதுங்கியபோது, நரம்பை அழுத்திய துண்டை மட்டும் எடுத்தார்கள். டிஸ்க் விலகிய பெரும்பாலோருக்கு அதுகூடத் தேவைப்படுவதில்லை. மருந்தும் பிசியோதெரபியும் சில வாரப் பொறுமையும் போதும். எனக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கியது, மேல் எலும்பும் முன்பக்கம் நகரத் தொடங்கியது. அதனால்தான் ஃப்யூஷன்.

தொடையிலிருந்து பாதம் வரை சுரீரென்று இழுத்த வலி, மயக்கம் தெளிந்தபோதே இல்லை. அன்று அழுதுவிட்டேன். இன்றுவரை அது திரும்பவில்லை. ஆனால் கால் கட்டை விரலின் மரத்துப்போன உணர்வு முழுதாகச் சரியாகவில்லை. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்துவிட்டது.

முதுகுவலி வேறு கதை. பாதிக்கு மேல் குறைந்தது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தால் இன்றும் இறுகும். ஃப்யூஷன் கால்வலிக்குத் தரும் நிம்மதியை முதுகுவலிக்கும் அப்படியே தரும் என்று நம்பிப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று, ஸ்க்ரூ போட்டதும் எல்லாம் சேர்ந்துவிட்டதாக நினைத்திருந்தேன். வைத்த எலும்புத் துகள்கள் வளர்ந்து இரண்டு எலும்பும் ஒன்றாகும்வரை பிடித்துக்கொள்வதுதான் ஸ்க்ரூவின் வேலை. அதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். புகைபிடித்தால் சேராமலே போகலாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். அன்றோடு விட்டேன்.

ஆறாவது வருடம் புது வலி, இந்த முறை கொஞ்சம் மேலே. அசையாத மூட்டின் பளுவை அடுத்த மூட்டும் சுமப்பதால் எல்3–எல்4 டிஸ்க் தேய்ந்திருந்தது. வயசும் ஒரு காரணம் என்றார்கள். மறுபடி கத்தி வைக்கவில்லை. வயிறு, முதுகுத் தசைகளுக்கான பயிற்சியும் தினமும் நாற்பது நிமிட நடையும் இரண்டு வருடமாகத் தாங்குகின்றன. பயிற்சியை ஒரு வாரம் விட்டால் வலி ஞாபகப்படுத்திவிடும்.

உங்களுக்கு ஃப்யூஷன் சொல்லியிருந்தால், பிதுங்கியதை மட்டும் எடுத்தால் ஏன் போதாது என்று கேளுங்கள். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நகர்வதைக் காட்டச் சொல்லுங்கள். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்படாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ கேள்வியெல்லாம் அப்புறம், அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.