சுவருக்குள் இருக்கும் ஷவர் வால்வுக்கு மாற்று ஸ்பிண்டில்: எதை வாங்கலாம், எங்கே காலை வாரும்?

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைப் படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ திறக்கும்போது முதலில் மக்கர் பண்ணுவது பாத்ரூம்தான். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் இரண்டாங்கட்டு அறையைப் பின்னாளில் பாத்ரூமாக்கி, பைப்பைச் சுவருக்குள் புதைத்துக் கன்சீல்டு வால்வ் வைத்திருப்பார்கள். திருகாமலே கிடந்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து இறுகும், போர் தண்ணீரின் உப்பு உள்ளே படியும். திறந்த அன்றே சொட்டத் தொடங்கும். உடனே சுவரை உடைக்க வேண்டும் என்பார் வந்த பிளம்பர். தலையாட்டாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சைப் பழையபடி வழவழப்பாக இழைத்துத் தரும் கொத்தனாரைத் தேடி அலைகிற நேரத்தில் வால்வுக்குள் இருந்து திறந்து மூடும் பாகமான ஸ்பிண்டிலைப் பத்து முறை மாற்றிவிடலாம்.

ஹார்டுவேர் கடையில் ‘கன்சீல்டு ஸ்டாப் காக் ஸ்பிண்டில்’ என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள் (ஸ்டாப் காக் என்பது இந்த வால்வ்தான்). பித்தளை உடல், அதற்குள் ஒன்றின்மேல் ஒன்று உரசும் இரண்டு செராமிக் தட்டு, அடியில் ரப்பர் சீட், வெளியே ஓ-ரிங். சரக்கு இவ்வளவுதான். வால்வ் செய்த கம்பெனியின் ஸ்பேரும் உண்டு, பெயரில்லாத கவரில் வரும் பொதுச் சரக்கும் உண்டு. பொதுச் சரக்கில் செராமிக் தட்டு பெரும்பாலும் குறை சொல்கிற மாதிரி இருக்காது. கோளாறு ரப்பரில்தான். சீட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: உடனே எழும்பினால் சரி, தடம் அப்படியே நின்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

இந்தப் பொருளின் பெரிய குறை கவரில் எழுதியிருக்கும் அளவு. ‘அரை இஞ்ச்’ என்பது வால்வின் அளவு. ஸ்பிண்டிலின் மரை, நீளம் எதையும் அது சொல்லாது. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதே வழி. மரை ஒன்றா, மொத்த நீளம் ஒன்றா, கைப்பிடி மாட்டும் நுனியில் எத்தனை பல் (20, 24 இரண்டும் புழக்கத்தில் உள்ளன), எந்தப் பக்கம் திருகினால் மூடுகிறது என்று நான்கையும் ஒப்பிடுங்கள். பல் எண்ணிக்கை மாறினால் கைப்பிடி சரியாக உட்காராது, அல்லது சும்மா சுற்றும். பழைய சுவரில் பூச்சு, டைல் எல்லாம் சேர்ந்து வால்வ் ஆழத்தில் போயிருக்கும். அதற்கு நீளம் கூட்டும் எக்ஸ்டென்ஷன் தனியாக வாங்க வேண்டும். மறந்தால் கடைக்கு இன்னொரு நடை.

எல்லா ஒழுகலுக்கும் இது மருந்தல்ல. மூடியபின் ஷவரில் சொட்டினால் தட்டோ சீட்டோ போயிருக்கிறது, ஸ்பிண்டில் மாற்றினால் நிற்கும். (குளித்து முடித்ததும் கொஞ்ச நேரம் சொட்டுவது ஷவர் தலையில் தங்கிய தண்ணீர். அரை மணி கழித்தும் சொட்டினால்தான் கணக்கு.) கைப்பிடி வழியே கசிந்தால் ஓ-ரிங் போதும். இரண்டும் இல்லாமல் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்தால் கோளாறு உள்ளே இருக்கும் ஜாயின்டில். அங்கே ஸ்பிண்டிலுக்குக் கொடுக்கும் காசு வீண்.

மாற்றும் வேலை புதியவர் கைக்கும் வரும். மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடி, கீழ்க் குழாயைத் திறந்து பைப்பை வடியவிடுங்கள். தரைச் சல்லடையில் துணி போடுங்கள், விழுகிற ஸ்குரூ அங்கேதான் போகும். கைப்பிடியின் மூடியை நெம்பி ஸ்குரூவைக் கழற்றி, கைப்பிடியையும் சுவரை ஒட்டிய வட்டத் தட்டான ஃபிளாஞ்சையும் எடுத்தால் ஆறுபட்டை நட் தெரியும். ஸ்பேனரை முழுசாக மாட்டி இடப்பக்கம் திருகுங்கள்.

இங்கேதான் கவனம். நட் அசையாமல் முழு பலம் போட்டால் ஸ்பிண்டிலோடு வால்வ் உடலும் சுவருக்குள் திரும்பும். பின்னாலுள்ள சி.பி.வி.சி. (பிளாஸ்டிக் பைப்) ஜாயின்ட் விரிந்தால், தவிர்க்க நினைத்த உடைப்பு வேலை அங்கேயே தொடங்கிவிடும். மரையைச் சுற்றி வினிகர் நனைத்த துணியை அரை மணி ஒட்டிவைத்து, வலப்பக்கம் இம்மி, இடப்பக்கம் இம்மி என்று அசைத்து இளக்குங்கள். வாசலில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் வினிகர் சிந்தவிடாதீர்கள். சிமெண்டுக் கல், அமிலம் பட்டால் மெருகு போகும்.

ஸ்பிண்டில் வெளியே வந்ததும் உள்ளே சீட் உட்காரும் இடத்தை விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக உப்புப் படிந்திருந்தால் துணியால் தேய்த்தெடுங்கள், ஸ்குரூ டிரைவரால் சுரண்ட வேண்டாம். வாளியை முன்னால் பிடித்து, இன்னொருவரைக் கேட் வால்வை இரண்டு நொடி திறக்கச் சொன்னால் மணல் வெளியே வந்துவிடும். இதை விட்டால் ஒரு மணல் துகள் புதுத் தட்டையே கீறும்.

ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் பட்டாணி அளவு போதும். தேங்காய் எண்ணெயும் வாசலினும் சில வகை ரப்பரை உப்ப வைக்கும். முதல் மூன்று நான்கு சுற்று கையால் மட்டும் திருகுங்கள். கோணலாக ஏறினால் பித்தளை மரை போயிற்று. கையால் இறுகியபின் ஸ்பேனரில் கால் சுற்று. ஓ-ரிங் அடைக்கும் இடத்தில் டெஃப்லான் டேப் வேண்டாம், அது ஸ்பிண்டிலை முழுசாக உட்காரவிடாது. ஃபிளாஞ்சை மாட்டும் முன் தண்ணீரைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள்.

வெந்நீரும் தண்ணீரும் ஒரே கைப்பிடியில் வரும் டைவர்ட்டர் என்றால் பேச்சே வேறு. அதில் ஸ்பிண்டிலுக்குப் பதில் 35 அல்லது 40 மி.மீ. விட்டமுள்ள கார்ட்ரிட்ஜ் இருக்கும். அடியிலுள்ள இரண்டு முளையும் குழியில் சரியாக உட்காராவிட்டால் கீழே கசியும். உயரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் டைவர்ட்டருக்குப் பொதுச் சரக்கு வேண்டாம், கம்பெனி ஸ்பேர்தான். தனி ஸ்டாப் காக்குக்கு அளவு பொருந்தினால் பொதுச் சரக்கே போதும்; ஓ-ரிங் இரண்டு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பூட்டும்போது கேட் வால்வை மூடி, ஷவரைத் திறந்து வடியவிட்டுப் போங்கள். காவலுக்கு இருப்பவரிடம் மாதம் ஒருமுறை தண்ணீர் விட்டு வால்வை நாலு தடவை திருகச் சொல்லுங்கள்.