கல் இங்கே, கையெழுத்து எங்கே?

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டியைக் கண்டு யாரும் மிரள மாட்டார்கள். ஊர் ஊராகப் போய் போர் போடும் வண்டிகள் கிளம்புகிற இடமே அதுதான். ஆனால் கனிமம் தேட வரும் ரிக் வேறு சாதி. தண்ணீருக்குப் போடும் வண்டி கல்லைப் பொடியாக்கி ஊதித் தள்ளிவிடும். இது கல்லை உடையாமல் உருளையாக வெட்டி எடுக்கும். எடுத்த உருளைகளை ஆழக் குறிப்போடு பெட்டியில் வரிசையாக அடுக்குவார்கள். பார்க்கிற தோட்டத்துக்காரர் "ஏனுங்க, தண்ணி வந்துதுங்களா?" என்றுதான் கேட்பார்.

பரமத்தி வேலூர் வட்டத்துச் சித்தம்பூண்டியைப் பலருக்கு 'நிலா மண்' கிடைத்த ஊராகத் தெரியும். சந்திரயான்-2 தரையிறங்கு சோதனைக்கு இஸ்ரோ அந்த வட்டாரத்து வெள்ளைப் பாறையைத்தான் அரைத்துக்கொண்டு போனது. அதே பாறைத் தொகுதியில் பிளாட்டின வகை உலோகங்கள் இருப்பதற்கான தடயங்களும் உண்டு. காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் பெரில் கல். பழங்காலத்தில் கொடுமணல் மணிக்காரர்கள் கைபட்ட சரக்கு அது. இன்றைக்கு இரண்டுமே, நாட்டுக்கு அவசியம் என்று ஒன்றிய அரசு தனியாகப் பிரித்து வைத்த 'முக்கியக் கனிம'ப் பட்டியலில் இருக்கின்றன. சரி, தோண்டலாமா என்பதை யார் முடிவு செய்வது, காசு யாருக்கு?

இப்போது நடப்பில் இருப்பது டெல்லி வழி. 2023 சட்டத் திருத்தப்படி 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு மட்டுமே. ஆனால் ராயல்டியும் (தோண்டி எடுக்கும் கனிமத்துக்குச் சுரங்கக்காரர் கட்டும் தொகை) ஏலத் தொகையும் மாநிலத்துக்குத்தான் வரும். 'டெல்லிக்காரன் சுருட்டுகிறான்' என்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். காசில் பெரிய அநியாயம் இல்லை, கோளாறு ஊரோடு பேசாததில்தான். மதுரை நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் போன பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்து, மேலூர் பக்கம் கொதித்தெழுந்தது. 2025 ஜனவரியில் ஏலத்தையே ரத்து செய்தார்கள். முன்பே ஊரைக் கேட்டிருந்தால் இரண்டு தரப்புக்கும் அலைச்சல் மிச்சம்.

அடுத்தது சென்னை வழி. ராயல்டியும் வரிதான் என்று 1989-இல் சொன்ன தீர்ப்பை, 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதி அமர்வு தள்ளிவிட்டது. மாநிலம் தனியாக வரி போடலாம் என்றானது. தமிழ்நாடு உடனே சட்டம் போட்டு, 2025 ஏப்ரலில் கனிம நில வரியைக் கொண்டுவந்தது. குவாரி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஜல்லியும் எம்-சாண்டும் விலை ஏறின. மாநில உரிமை என்று பார்த்தால் நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த வரி போய்ச் சேர்வது மாநிலக் கருவூலத்துக்கு. சித்தம்பூண்டிக்காரருக்கு டெல்லி தூரம் என்றால் சென்னை மட்டும் என்ன பக்கமா?

மூன்றாவது மாவட்ட வழி. 2015 முதல் மாவட்ட கனிம அறக்கட்டளை இருக்கிறது. ஏலத்தில் எடுத்த சுரங்கம் 100 ரூபாய் ராயல்டி கட்டினால், அதற்கு மேல் 10 ரூபாய் இந்த அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்கள் நேரடியாகப் பாதிக்கப்பட்டவை என்று கணக்கு. மூன்றில் இதற்குத்தான் என் ஓட்டு, குறையோடு. கல் வெளியே வந்து ராயல்டி கட்டினால்தான் இந்தக் காசு. தேடல் நடக்கும் வருஷங்களில் ஊருக்கு ஒரு பைசா கிடையாது.

இதில் இன்னொரு இடியும் சேர்ந்தது. 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று குறிப்பாணை போட்டது. தமிழ்நாடு முதல்வர் எதிர்த்துக் கடிதம் எழுதினார். கொங்குக்கு இந்த மாதிரிச் சண்டை புதிதல்ல. ஏழு மாவட்டத்து விளைநிலங்கள் வழியாக எரிவாயுக் குழாய்க்குக் கோடு போட்டபோது 2013-இல் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அப்போதாவது கூட்டம் போட்டுக் கேட்டார்கள்.

இந்த உலோகங்களே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை. கோவை பவுண்டரிகளில் உருக்கில் சேர்க்கும் மாலிப்டினம் எங்கிருந்தோ வரத்தான் வேண்டும். ஏலத்தை டெல்லியே நடத்தட்டும், வரியைச் சென்னை வாங்கட்டும். ஆனால் சுரங்கத் தொகுதிக்கு எல்லை வரையும் முன்பே, எந்தெந்த சர்வே நம்பர், எத்தனை அடி ஆழம், வேலை முடிந்ததும் துளையை யார் அடைப்பார் என்பதெல்லாம் கிராம சபையில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். அறக்கட்டளைக் காசில் ஒரு பங்கைத் தேடல் காலத்திலேயே முன்பணமாகத் தர வேண்டும். துளை போடும் முன்பும் பின்பும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளில் தண்ணீர் மட்டத்தை அளந்து, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எழுதிப் போட வேண்டும். தோட்டத்துக்காரர் முதலில் கேட்டதும் தண்ணீரைப் பற்றித்தானே.