பாரிஸ்ல படிக்க வந்திருக்கீங்களா? வியாழக்கிழமை சாயங்காலம் ஓர்சே மியூசியம் போங்க

பாரிஸ் வந்து இறங்குன உடனே எல்லாரும் லூவ்ருக்கு ஓடி மோனலிசா முன்னாடி நசுங்கி ஒரு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுருவாங்க, தப்புன்னு சொல்லல, ஆனா ஸ்டூடண்டா இங்க ஒரு ரெண்டு வருஷம் ஓட்டப்போறவங்களுக்கு என் ஓட்டு ஓர்சேவுக்குத்தான்.

முதல்ல காசு விஷயம். 18லேர்ந்து 25 வயசு வரைக்கும், ஐரோப்பிய யூனியன்ல குடியிருக்கிறவங்களுக்கு டிக்கெட் இலவசம், பாஸ்போர்ட் எந்த நாட்டுதுன்னு பாக்கறதில்ல, நீண்ட கால ஸ்டூடண்ட் விசாவோ ரெசிடென்ஸ் கார்டோ காட்டுனா போதும். லூவ்ர்லயும் இந்தச் சலுகை உண்டு. 26 தாண்டிட்டீங்கன்னா மாசத்தோட முதல் ஞாயிறு எல்லாருக்கும் ஃப்ரீ, ஆன்லைன்ல முன்னாடியே புக் பண்ணணும், கூட்டம் சும்மா அள்ளும். அதுக்கு வியாழக்கிழமையே மேல், அன்னிக்கு ராத்திரி 9.45 வரைக்கும் திறந்திருக்கும், 6 மணிக்கு மேல டிக்கெட்டும் விலை கம்மி, டூர் பஸ் கூட்டமெல்லாம் கிளம்பிப் போயிருக்கும். திங்கக்கிழமை லீவு, கதவை முட்டிட்டு நிக்காதீங்க.

பில்டிங்கே ஒரு கதை. 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டுன ரயில்வே ஸ்டேஷன் இது. அப்புறம் ரயிலெல்லாம் நீளமாகிப்போக பிளாட்பாரம் பத்தல, 1939லயே தூரத்து ரயில்கள் நின்னுபோச்சு, இடிச்சுட்டு ஹோட்டல் கட்டலாம்னுகூட பாத்தாங்க, தப்பிச்சு 1986ல மியூசியமாச்சு. எழும்பூர் ஸ்டேஷன்ல தண்டவாளத்தை எடுத்துட்டு வரிசையா சிலை வெச்சா எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி.

உள்ள போனதும் கீழ் தளத்துல மெனக்கெடாதீங்க, நேரா அஞ்சாவது மாடி. மொனே, ரெனுவா, டெகான்னு 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்கள் எல்லாரும் அங்கதான். ரெனுவா 1876ல வரைஞ்ச டான்ஸ் படத்துல மர இலை வழியா விழுற வெயில் ஆளுங்க கோட்டு மேல திட்டுத்திட்டா கிடக்கும், அதை கிட்டப் போய் பாத்துட்டு அப்புறம் பத்தடி தள்ளி வந்து பாருங்க, ரெண்டும் வேற வேற படம். டெகாவோட குட்டி நாட்டியப் பொண்ணு வெண்கலச் சிலை, ஆனா பாவாடையும் தலை ரிப்பனும் நிஜத் துணி!

வான்கோவோட நட்சத்திர இரவு இங்க இருக்குன்னு நம்பி நிறைய பேர் வருவாங்க, அந்தச் சுழல் சுழலா இருக்கிறது நியூயார்க்ல இருக்கு. இங்க இருக்கிறது அதுக்கு முந்தின வருஷம், 1888ல, ரோன் ஆத்தங்கரையில வரைஞ்சது, கேஸ் விளக்கு வெளிச்சம் தண்ணியில நீளமா இறங்கும், ஓரத்துல ஒரு ஜோடி நடந்து வரும். எனக்கு இதுதான் ஒசத்தி. பக்கவாட்டுல நின்னு பாருங்க, பெயின்ட் எவ்ளோ தடிமனா அப்பியிருக்காருன்னு தெரியும், போன் வால்பேப்பர்ல அது சுத்தமா வராது. சில சமயம் படங்களை வேற ஊர் மியூசியத்துக்குக் கடனா அனுப்பிருவாங்க, அதுக்காகவே போறவங்க முன்னாடியே செக் பண்ணிக்கோங்க.

அதே மாடியில பெரிய கடிகாரக் கண்ணாடி வழியா சேன் நதிக்கு அந்தப் பக்கம் லூவ்ரே தெரியும். ஃபோட்டோவுக்கு க்யூ நிக்கும், நின்னு எடுத்துக்கலாம், வொர்த். பக்கத்துல கஃபே அழகுதான், நம்ம பட்ஜெட்டுக்கு வேணாம். இறங்கி வரும்போது கீழ் தளத்தோட கடைசிக்குப் போங்க, கண்ணாடித் தரைக்கு அடியில பாரிஸ் ஓபரா தியேட்டரைச் சுத்தியிருக்கிற ஏரியாவையே நூத்துல ஒரு பங்கு அளவுல பொம்மை ஊரா செஞ்சு வெச்சிருக்காங்க, அது மேலேயே நடக்கலாம்.

ஃபிளாஷ் இல்லாம படம் எடுக்கலாம். 9 மணிக்கு மேல உள்ள விடமாட்டாங்க, அதனால க்ளாஸ் முடிஞ்சதும் கிளம்புங்க, ஆர்.இ.ஆர் சி-ங்கிற புறநகர் ரயில் வாசல்லயே நிக்கும், இல்லன்னா மெட்ரோ 12ஆம் லைன்ல சொல்ஃபெரினோ ஸ்டேஷன். வெளிய வந்ததும் பசிக்கும், அதே 12ல பிகால் வரைக்கும் போய் 2ஆம் லைனுக்கு மாறுனா லா ஷப்பேல், அங்க ஈழத்தமிழர் கடையில சுடச்சுட கொத்து ரொட்டி போட்டுத் தருவாங்க, காரம் கம்மியான்னு கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லிராதீங்க.