காரைக்குடியில் கப்பி மீன் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கப்பி வளர்ப்பவர்கள் மீன் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள், விஷயம் மீனின் குடற்புழு பற்றியது.

காரைக்குடியில் ஒரு வண்ணமீன் கடையில் கப்பி ஜோடிகள் வாங்கினேன். சில வாரங்களில் பெண் மீன்கள் மெலிய ஆரம்பித்தன. தீனி போட்டால் முந்திக்கொண்டு வந்து தின்கின்றன. ஆனாலும் வயிறு ஒட்டிப்போய், முதுகு ஒடுங்கி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி ஒத்துக்கலண்ணே, நம்ம ஊரு போர் தண்ணி உப்பு" என்று சொல்லி, மெத்திலீன் ப்ளூ ஒரு பாட்டில், ஆன்டிபயாட்டிக் கேப்சூல், அப்புறம் விலை கூடிய சத்துத் தீனி எல்லாவற்றையும் தலையில் கட்டிவிட்டார். கப்பிக்குக் கடினத் தண்ணீர்தான் தோது. மீன் விற்கிறவருக்கு இது தெரியாதா? நீல மருந்து பூஞ்சைக்குப் போடுவது, வயிற்றுக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவைத்தான் கெடுத்தது. தண்ணீர் கலங்கி, மீன்கள் செத்தன.

மிச்சமிருந்தவற்றில் ஒன்று அசையாமல் நின்றபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆசனவாயில் சிவப்பு நூல் போல இரண்டு மூன்று இழை நீட்டிக்கொண்டிருந்தது. மீன் நகர்ந்ததும் உள்ளே போய்விட்டது. அது கமல்லானஸ் என்ற குடற்புழு. குடல் சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும். ஆடு கோழிக்குக் கொடுக்கும் லெவாமிசோல் என்ற குடற்புழு மருந்தை, கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்கிப் போட்டேன். மருந்து புழுவை மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். அதனால் மறுநாளே கீழே விழுந்த புழுக்களோடு அடிமண்ணை உறிஞ்சி எடுத்து, தண்ணீரும் மாற்ற வேண்டும். வெளிச்சம் பட்டால் மருந்து வீரியம் இழக்கும், விளக்கை அணைத்து வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை போட்டால்தான் குஞ்சுப் புழுக்களும் போகும். என் மீன்கள் இப்போது தேறிவிட்டன.

திரும்பக் கடைக்குப் போய் அவருடைய தொட்டியிலேயே அதே சிவப்பு இழையைக் காட்டினேன். "அது பீ தாண்ணே" என்றார். காசும் திருப்பித் தரவில்லை. நான் நிற்கும்போதே அதே தொட்டியிலிருந்து ஒரு பையனுக்கு ஜோடி பிடித்துப் பையில் கட்டிக் கொடுத்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மெலிவதெல்லாம் இந்தப் புழுவால்தான் என்று இல்லை. வெள்ளையாக நூல் நூலாகக் கழிந்தால் ஹெக்ஸாமிட்டா என்ற குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம், அதற்கு மெட்ரோனிடசோல் மருந்தைத் தீனியில் கலந்து கொடுப்பார்கள். முதுகு வளைந்து உடம்பில் புண்ணும் இருந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். அதற்கு நம்பகமான வைத்தியம் இல்லை, மனிதத் தோலுக்கும் பரவும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள்.

சமீபத்தில் கப்பி வாங்கியவர்கள் இன்றைக்கே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மீனில் இழை தெரிந்தாலும் தொட்டி முழுக்க மருந்து போடுங்கள். கமல்லானஸ் மீனிலிருந்து மீனுக்கு நேராகவே தொற்றும்.