கிரியோலில் யோசிக்கும் பிள்ளைக்கு எந்த உரையாடல் முறை ஒத்துவரும்?

மொரிஷியஸில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழி. பள்ளியில் ஆங்கிலம், பிரெஞ்சு. தமிழ் விருப்பப் பாடம்தான், அதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. இந்த வகுப்பில் போய் "ஆசிரியரும் மாணவரும் பேசிப் பேசிக் கற்கலாம்" என்றால், "எந்த மொழியில் பேச?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதை மனத்தில் வைத்தே மூன்று முறைகளைப் பார்க்கிறேன்.

முதலாவது, நமக்கெல்லாம் பழகிய கேள்வி-பதில். ஆசிரியர் கேட்பார், ஒரு பிள்ளை சொல்லும், "சரி" என்று ஆசிரியர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். தனியாகத் தயாரிக்க எதுவும் இல்லை. ஆனால் முன்வரிசையில் இரண்டு மூன்று பேரே பேசிக்கொண்டிருப்பார்கள். இதை விட்டுவிடச் சொல்லமாட்டேன், ஒரு திருத்தம் போதும். 1970களில் மேரி பட் ரோ அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். கிரியோலில் யோசித்துத் தமிழில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு 3 விநாடி எந்த மூலைக்கு? மனதுக்குள் பத்து வரை எண்ணலாம். அந்த அமைதி பிள்ளையைவிட ஆசிரியரைத்தான் அதிகம் படுத்தும்!

இரண்டாவது, ஜோடிப் பேச்சு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981இல் எழுதியது: தனியாக யோசி, பக்கத்தில் இருப்பவரோடு பேசு, பிறகு வகுப்புக்குச் சொல். கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தப்பாகச் சொன்னாலும் ஒருவருக்குத்தான் தெரியும். சின்ன வகுப்புகளுக்கு இதுவே போதும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அன்மரி பாலின்சரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த முறை. ஒரு பத்தியைப் படித்துவிட்டு நான்கு வேலைகள்: சுருக்கிச் சொல்வது, கேள்வி உண்டாக்குவது, புரியாததைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்துகாட்டுவார், பிறகு பிள்ளைகளே முறைவைத்து ஆசிரியர் இடத்தில் அமர்வார்கள். அந்த ஆய்வில் இருந்த பிள்ளைகள் யார் தெரியுமா? எழுத்தைச் சரளமாக வாசிப்பார்கள், ஆனால் வாசித்தது புரியாது. அப்படியே நம் பிள்ளைகள்! தேவாரத்தைக்கூடப் பிசகாமல் வாசிக்கும் பிள்ளை, பொருள் கேட்டால் விழிக்கும்.

தைப்பூசக் காவடி பற்றிய ஒரு பத்தி என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் "எத்தனை நாள் விரதம்?" என்று ஆசிரியர் கேட்பார், "பத்து" என்று பதில் வரும், முடிந்தது. இந்த முறையில் கேள்வி பிள்ளையிடமிருந்து வரவேண்டும். முதலில் அதுவும் "எத்தனை நாள்?" என்றுதான் கேட்கும். "ஏன் என்று கேட்டுப் பாரேன்" என்று ஆசிரியர் எடுத்துக்கொடுத்தால், பத்தியைத் திரும்பப் படித்தாக வேண்டும். படிப்பு நடப்பது அந்த இரண்டாம் வாசிப்பில்தான்.

சிக்கல் மொழிதான். "கிஃபேர்?" (கிரியோலில் "ஏன்?") என்று கேட்கும் பிள்ளையிடம் "தமிழில் சொல்" என்றால் கேள்வியே செத்துவிடும். பேச்சு கிரியோலில் ஓடட்டும், குழு முடிவாகச் சொல்லும் சுருக்கம் மட்டும் தமிழில் இருக்கட்டும். தமிழ் வகுப்பில் கிரியோலா என்று கோவில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் ஆதங்கம் நியாயமானதே. ஆனாலும் யோசித்த பிறகு எழுதும் ஒரு தமிழ் வாக்கியம், யோசிக்காமல் ஒப்பிக்கும் பத்து வாக்கியங்களைவிட மேல்.

தேர்வு இருக்கிறதே, இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் தேர்வில் 2017இல் பழைய சி.பி.இ. போய் பி.எஸ்.ஏ.சி. வந்த பிறகும் கிரேடு 6 என்றால் வீட்டில் பதற்றம்தான். ஆனால் பத்தியைப் படித்து விடையெழுத, தானே கேள்வி உண்டாக்கிப் பழகுவதைவிட நல்ல பயிற்சி எது? தொடங்கும் காலம்தான் முக்கியம். பாலின்சர், பிரவுன் ஆய்வில் பயிற்சி சுமார் 20 பள்ளி நாட்கள் நடந்தது. நமக்குத் தமிழே இரண்டாம் தடை என்பதால் அதைவிட அதிகம் பிடிக்கும். கிரேடு 4 வரை ஜோடிப் பேச்சு, கிரேடு 5 ஜனவரியிலிருந்து மூன்றாவது முறை. கிரேடு 6இல் போய் இதைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். அந்த வருடம் காத்திருக்கும் விநாடிகளை மட்டும் கூட்டினால் போதும்.