வில்லங்கம் போடும்போது பக்கத்து மனைக்கும் சேர்த்துப் போடுங்கள்

2018-ல் பதிவுத்துறையில் ஸ்டார் 2.0 என்ற இணைய மென்பொருள் வந்ததிலிருந்து, ஒரு சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்தில்தான் பார்த்து வருகிறேன். மனை வாங்கப் போகும் சொந்தக்காரர்கள் சர்வே எண்ணை அனுப்பிவிடுவார்கள், தேடுவது என் வேலை. கட்டணம் இல்லாமல் பார்க்க முடிவது பெரிய வசதி. அடமானம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுபவர்கள்தான் அதிகம். நான் முதலில் தேடுவது அட்டவணையில் வரும் ‘எல்லை விபரங்கள்’.

காரணம், பழைய முகவரியைப் பிடிக்க அதுதான் நல்ல வழி. சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். மவுப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலையானது, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலையானது. கிராமத்தில் யுடிஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பிறகு உட்பிரிவு எண்ணே வேறு. ஆனால் நாலு எல்லையை எழுத்தர்கள் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள். எப்போதோ விற்றுவிட்டுப் போனவர் பெயர்கூட எல்லையில் நிற்கும். வாங்குபவருக்கு அது குழப்பம்தான், வரலாறு தேடுபவருக்கு யோகம்.

புறநகரில் அத்தை மகன் பார்த்த மனைக்கு மேற்கு எல்லை ‘20 அடி ரோடு’. ‘முந்தைய ஆவண எண்’ணைப் பிடித்துப் பின்னால் போனால், அதே எல்லை ‘வாய்க்கால்’ என்றிருந்தது. புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) பக்கத்து சர்வே எண்ணை எடுத்து அதற்கும் வில்லங்கம் போட்டேன், அங்கேயும் வாய்க்கால். கிராம நிலங்களின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டில் பார்த்தால் அந்த வாய்க்கால் அரசுப் புறம்போக்கு! நேரில் அங்கே இருப்பது சிமென்ட் ரோடு. அவன் வேறு மனை பார்க்கப் போய்விட்டான்.

இணையத்தில் இல்லாத பழைய ஆண்டுகளுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் மனு போட வேண்டும். கிராமம் இடையில் வேறு அலுவலக எல்லைக்கு மாறியிருந்தால், பழைய அலுவலகத்தையும் கேட்க வேண்டியிருக்கும். பக்கத்துக்காரர் பத்திரத்தை நாம் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். 1908 பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி, சொத்து ஆவணங்கள் இருக்கும் 1-ம் புத்தகத்தை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம்.

அப்புறம், பதிவாகாத உயிலும் கூர்ச்சீட்டும் (குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினைச் சீட்டு) வில்லங்கச் சான்றில் வராது. அதற்குப் பழைய வீட்டு வரி ரசீதுகளையும் தெருவில் இருக்கும் பெரியவர்களையும்தான் கேட்க வேண்டும்.